9. மேசை மேல் அடுப்பு: ஹாட்பாட் விருந்து

ஹாட்பாட்டுக்குப் பெரிய கைப்பக்குவம் எதுவும் வேண்டாம். மேசை நடுவே அடுப்பு, அதன்மேல் தளதளவென்று கொதிக்கும் சூப், சுற்றிலும் தட்டுத் தட்டாகப் பச்சை இறைச்சி, மீன், காளான், கீரை. அவரவர் வேண்டியதை எடுத்துச் சூப்பில் வேகவைத்து, கிண்ணத்தில் இருக்கும் சாஸில் தோய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். அப்படியிருந்தும் முதன்முறை செய்கிற வீடுகளில் விருந்து சொதப்பிவிடுகிறது. தட்டில் இருப்பதையெல்லாம் ஒரேயடியாகப் பானையில் கொட்டிவிடுகிறார்கள். கொதி அடங்கும், இறைச்சி ரப்பராகும், கீரை கூழாகும், யார் போட்டது எது என்று யாருக்கும் தெரியாது.

கொஞ்சமாகப் போடுங்கள், கொதி அடங்க விடாதீர்கள், போட்டவரே எடுங்கள். இந்த அத்தியாயத்தில் மற்றதெல்லாம் இந்த மூன்றுக்கு விரிவுரைதான்.

மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது 'ஸ்டீம்போட்' என்ற பெயரில் பழக்கமானது. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு அங்குள்ள சீனக் குடும்பங்கள் கூடி உண்ணும் விருந்தில் பல வீடுகளில் இதுதான் நடுநாயகம். அவர்கள் நேராகச் சூப் பகுதிக்குப் போய்விடலாம்.

எங்கிருந்து வந்தது

செங்கிஸ்கானின் வீரர்கள் தலைக்கவசத்தில் ஆட்டிறைச்சி வேகவைத்தார்கள், குப்ளாய் கான் அவசரத்தில் கண்டுபிடித்தார் என்றெல்லாம் ஹோட்டல் மெனு அட்டைகளில் அச்சடித்திருப்பார்கள். ரசிக்கலாம், நம்ப வேண்டாம். சான்றுள்ள செய்திகளே போதுமான அளவு சுவையானவை.

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில், நான்சாங் நகருக்கு அருகே லியு ஹே என்பவரின் கல்லறையைத் தோண்டியபோது, அடியில் கரி வைக்கும் தட்டுடன் கூடிய வெண்கலப் பாத்திரம் ஒன்று கிடைத்தது. கி.மு. 74இல் வெறும் 27 நாள் பேரரசராக இருந்து பதவி பறிக்கப்பட்டவர் லியு ஹே, கி.மு. 59இல் இறந்தார். பதவி போனாலும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை போலும். 13ஆம் நூற்றாண்டில் லின் ஹோங் என்ற எழுத்தாளர், வூயி மலையில் பனிக்காலத்தில் சாப்பிட்ட முயல் இறைச்சியைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார்: மெல்லிசாகச் சீவி, மது, சாஸ், மிளகு வகையில் ஊறவைத்து, மேசையில் கொதிக்கும் சூப்பில் அவரவரே சாப்ஸ்டிக்கால் முக்கி எடுத்திருக்கிறார்கள். இன்று நாம் செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

மஞ்சூரியாவிலிருந்து வந்த சிங் வம்ச அரசர்கள் இதை அரண்மனைக்குள் கொண்டுபோனார்கள். 1796இல் பெய்ஜிங் அரண்மனையில் முதியோருக்கு அளித்த பெருவிருந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹாட்பாட்கள் வைக்கப்பட்டன. 1903இல் டிங் டெஷான் என்ற ஹுய் முஸ்லிம், பெய்ஜிங்கின் டோங்கான் சந்தையில் சிறு கடையாகத் தொடங்கிய டோங்லாய்ஷுன் இன்றும் ஆட்டிறைச்சி ஹாட்பாட்டுக்குப் பேர்போன உணவகம்.

இன்று உலகெங்கும் ஓடும் செக்கச்சிவந்த, நாக்கை மரத்துப்போக வைக்கும் வகை இவ்வளவு பழையதல்ல. மிளகாய் நமக்கு வந்தது போலவே சீனர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த பொருள். அவர்களுடைய நூல்களில் அது முதலில் தென்படுவது 1591இல். அது சிச்சுவான் பக்கம் வேரூன்றி, யாங்ட்ஸி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் சோங்சிங் படகுத்துறையில் கூலித்தொழிலாளிகள் மலிவாகக் கிடைத்த மாட்டுக் குடலையும் குடல் சார்ந்த உறுப்புகளையும் காரக் குழம்பில் முக்கித் தின்னத் தொடங்கியது சிங் ஆட்சியின் கடைசிக் காலத்தை ஒட்டித்தான். கவிச்சியை மறைக்கத்தான் அவ்வளவு காரம்.

முதன்முறைக்கு எந்த வகை?

பெய்ஜிங் வகையில் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். இஞ்சி, வெங்காயத்தாள், ஓரிரண்டு காய்ந்த காளான். சுவை முழுக்க ஆட்டிறைச்சியிலும் எள் சாஸிலும். சோங்சிங் வகையில் மாட்டுக் கொழுப்பு, மிளகாய், சிச்சுவான் மிளகு. குவாங்டோங்கின் சாவ்ஷான் பகுதியில் தெளிந்த எலும்புச் சூப்பில் மாட்டிறைச்சி. உடலின் எந்தப் பாகம் என்பதைப் பொறுத்து எத்தனை விநாடி என்று கணக்கு வைத்திருப்பார்கள். ஜப்பானின் ஷாபுஷாபு 1952இல் ஒசாகாவின் சுஎஹிரோ உணவகம் சூட்டிய பெயர். தாய்லாந்து, வியட்நாம், கொரியா எல்லாவற்றுக்கும் தனித்தனி வகை உண்டு.

என் கட்சி தெளிந்த சூப். சிவப்பில் எல்லாம் ஒரே சுவையாகிவிடும். வெந்ததா வேகவில்லையா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. பழகுகிறவருக்கு அது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. காரம் இல்லாமல் இறங்காது என்பவர்களுக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸில் காரம் வைத்துவிடலாம். இரண்டும் வேண்டுமென்றால் நடுவில் தடுப்பு வைத்த பானை ஆன்லைனில் கிடைக்கிறது.

அடுப்பும் பாத்திரமும்

வீட்டுக்கு ஏற்றது இண்டக்ஷன் அடுப்புதான். தீ இல்லை, புகை இல்லை, கொதியைக் கூட்டிக் குறைப்பது சுலபம். பாத்திரத்தின் அடி தட்டையாக இருக்க வேண்டும், காந்தம் ஒட்ட வேண்டும். 26 முதல் 30 செ.மீ. அகலம், ஒரு சாண் உயரத்துக்குள். ஆழமான குண்டான் வேண்டாம். எட்டிப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கும், ஆவியில் கை வெந்துவிடும்.

மேசையில் வைக்கும் கேசட் கேஸ் அடுப்பானால் நான்கு விஷயம்:

1. பாத்திரத்தின் விளிம்பு கேஸ் டப்பா இருக்கும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பாத்திரத்தின் சூடு இறங்கி டப்பா வெடித்த விபத்துகள் உண்டு.
2. இரண்டு அடுப்புகளை ஒட்டி வைத்து ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றாதீர்கள். காரணம் அதேதான்.
3. அடுப்பைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றுவது, காற்றுக்கு மறைப்பு வைப்பது இரண்டும் ஆபத்து.
4. டப்பாவை மாற்றும்போது தீயை அணைத்து, மேசையிலிருந்து விலகிப்போய் மாற்றுங்கள்.

நடுவில் புகைபோக்கி வைத்த பித்தளை அல்லது செம்புப் பானை பார்க்க அழகு. அதில் கரி போட வேண்டும். மூடிய அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, தலை கிறுகிறுத்து அப்படியே சாய்ந்துவிடுவார்கள். மொட்டைமாடியில் தவிர வேறெங்கும் கரி வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கிறதே என்பது சமாதானம் ஆகாது.

இண்டக்ஷன் அடுப்பானால் மின்கம்பி தரையில் குறுக்கே ஓடாதபடி, மேசையைச் சுவர்ப் பக்கத்து பிளக்கிற்கு அருகே போடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் மேசை விரிப்பை எடுத்துவிடுங்கள். தொங்கும் முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று லிட்டர் கொதிக்கும் சூப் அவர்கள் மேல்தான் விழும்.

மற்றவை: ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு சாஸ் கிண்ணம், இரண்டு ஜோடி சாப்ஸ்டிக் அல்லது இடுக்கி, ஒரு சூப் கரண்டி, கைப்பிடி நீண்ட சிறு வலைக்கரண்டி இரண்டு மூன்று. வலைக்கரண்டி இல்லையென்றால் பெரிய டீ வடிகட்டி போதும், அது ஸ்டீலாக இருந்தால். மெலமின் கரண்டியைக் கொதிக்கும் சூப்பில் விடாதீர்கள். சூட்டில் அதிலிருந்து ரசாயனம் இறங்கும்.

சூப்

நான்கு பேருக்கு இரண்டரை லிட்டர் பானையில், இன்னொரு லிட்டர் பக்கத்தில் சூடாக.

தெளிந்த கோழிச் சூப்:

1. ஒரு கிலோ கோழி எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். கொதித்துச் சாம்பல்நிற நுரை பொங்கும். 5 நிமிடம் விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் குழாயடியில் கழுவுங்கள். சூப் கலங்காமல் இருப்பது இந்த ஒரு வேலையில்தான் இருக்கிறது.
2. நாலரை லிட்டர் புதுத் தண்ணீர், கட்டைவிரல் அளவு இஞ்சி தட்டியது, வெங்காயத்தாள் நான்கு சேர்த்து, இரண்டு மணி நேரம் சிறு தீயில். ஒன்றிரண்டு குமிழி எழுந்து உடைகிற அளவு கொதி போதும். வேகமாகக் கொதித்தால் பால்போல் வெளுத்துவிடும்.
3. வடிகட்டி, உப்பைப் பாதியளவு மட்டும் போடுங்கள். சாஸில் உப்பு இருக்கிறது. நேரம் ஆக ஆகச் சூப்பும் சுண்டிக் கரிக்கும்.

சைவச் சூப்: காய்ந்த ஷிடேக் காளான் பத்துப் பன்னிரண்டை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்த ஊறல் தண்ணீரை, அடியில் தங்கிய மண்ணை விட்டுவிட்டு எடுத்து, மூன்று லிட்டர் தண்ணீரோடு சேருங்கள். முள்ளங்கி ஒன்று, மக்காச்சோளம் இரண்டு, இஞ்சி; நாற்பது நிமிடம். சோளத்தின் இனிப்பு எலும்பு இல்லாத குறையை ஈடுகட்டிவிடும். குழந்தைகளுக்கென்றால் ஐந்தாறு தக்காளியை எண்ணெயில் குழைய வதக்கி இதில் சேர்த்துவிடுங்கள். சீன உணவகங்களிலும் தக்காளிச் சூப்புக்குத் தனி ரசிகர்கள் உண்டு.

சிவப்புச் சூப்:

1. பதினைந்து வற்றல் மிளகாயைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரையுங்கள். பொடி கருகும், விழுது கருகாது. சோங்சிங்கிலும் மிளகாயை ஊறவைத்து இடித்துத்தான் சேர்க்கிறார்கள்.
2. 150 மி.லி. எண்ணெயில் இஞ்சி, பூண்டு. பிறகு இரண்டு மேசைக்கரண்டி டோபன்ஜியாங், அதாவது மிளகாயும் மொச்சை போன்ற பெரும்பயறும் புளிக்கவைத்த சிச்சுவான் விழுது. பிறகு மிளகாய் விழுது. சிறு தீயில் எண்ணெய் சிவந்து பிரியும்வரை பத்து நிமிடம். ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், நெடி கமறும்.
3. ஒரு மேசைக்கரண்டி சிச்சுவான் மிளகு, அன்னாசிப்பூ இரண்டு, பட்டை ஒரு துண்டு சேர்த்து இரண்டு நிமிடம்.
4. இரண்டரை லிட்டர் கோழிச் சூப்பையோ சைவச் சூப்பையோ சூடாக ஊற்றுங்கள்.

சிச்சுவான் மிளகு பெயரில்தான் மிளகு. செடி எலுமிச்சை, கறிவேப்பிலைக் குடும்பம். கொங்கணத்தார் மீன்குழம்பில் போடும் திர்பல் இதற்குப் பங்காளி. வெடித்த சிவப்புத் தோல்தான் வேண்டும். உள்ளே இருக்கும் பளபளப்பான கறுப்பு விதை மணல்போல் பல்லில் கடிபடும், பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஒரு தோலை முன்பல்லில் கடித்துப் பாருங்கள்: முதலில் எலுமிச்சைத் தோலின் வாசம், அரை நிமிடத்தில் நாக்கு நுனி விறுவிறுவென்று அதிரும், பிறகு மரத்துப்போகும். அதிரவில்லை என்றால் சரக்கு பழசு.

எச்சரிக்கை: கடையில் விற்கும் சிவப்பு மசாலாக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு இருக்கும். 'மஷ்ரூம்' என்று எழுதிய பாக்கெட்டில்கூடக் கோழிச் சாறு இருக்கலாம். சாப்பிடாதவர்கள் பொருட்பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சீவுவதும் அடுக்குவதும்

ஆளுக்கு 150 கிராம் இறைச்சி அல்லது மீன், 200 கிராம் காய் கீரை, கொஞ்சம் டோஃபு, ஒரு கைப்பிடி நூடுல்ஸ். இதற்கு மேல் வாங்கினால் மிஞ்சும்.

1. எலும்பில்லாத ஆட்டுத்தொடையை உருளையாகச் சுருட்டி பிளாஸ்டிக் தாளில் இறுக்கி, ஃபிரீசரில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வையுங்கள். கல்லாக உறையக் கூடாது. கத்தி வழுக்காமல் இறங்குகிற பதம் வேண்டும்.
2. நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, 2 மி.மீ. தடிமனில் சீவுங்கள். நாரோடு வெட்டினால் எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் சவைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.
3. கோழி நெஞ்சுக்கறியை முட்டை வெள்ளைக்கரு, சோளமாவு, துளி உப்பில் இருபது நிமிடம் பிசிறி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெந்தபின் வழுவழுவென்று இருக்கும், வறண்டுபோகாது.
4. டோஃபுவை முந்தினநாள் உறையவைத்து, உருக்கி, பிழிந்து வெட்டுங்கள். உறைந்து உருகிய டோஃபுவில் நிறையக் கண்கள் விழுந்திருக்கும்; சூப்பை உறிஞ்சிக்கொள்ளும். சாதா டோஃபுவைவிட இதுதான் எனக்கு உசத்தி.
5. பச்சை இறைச்சித் தட்டு, மீன் தட்டு, காய்த் தட்டு மூன்றும் வேறு வேறு. இறைச்சித் தட்டு மேசையின் ஒரு மூலையில் மட்டும். காயை முதலில் நறுக்கிவிட்டு, அதே பலகையில் கடைசியாக இறைச்சி.

மரக்காது காளான் வாங்கினால், ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் ஊறவையுங்கள். இரவு முழுக்க வெளியே ஊறவிட்டால் ஒருவகை பாக்டீரியா போங்க்ரெகிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கலாம். கொதித்தாலும் அது அழியாது. சீனாவில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. காட்டுக் காளான் பக்கமே போகாதீர்கள். அதில் கைதேர்ந்த யுன்னான் மாகாணத்திலேயே, காளான் ஹாட்பாட் கடைகளில் அலாரம் அடித்து நேரம் முடியும்வரை வாடிக்கையாளர் கையில் சாப்ஸ்டிக் தரமாட்டார்கள்.

தொட்டுக்கொள்ள

மூன்று கிண்ணம் செய்துவையுங்கள், அவரவர் கலந்துகொள்ளட்டும்.

பெய்ஜிங் சாஸ்: வறுத்த எள்ளை அரைத்த விழுது மூன்று கரண்டி. வெந்நீரைச் சிறிது சிறிதாக விட்டு அடியுங்கள்; முதலில் இறுகித் திரியும், பயப்படாமல் இன்னும் கொஞ்சம் விடுங்கள், சட்டென்று தளர்ந்து பளபளக்கும். சோயா சாஸ், பொடியாக நறுக்கிய பூண்டு, கொத்தமல்லி. அங்கே புளித்த டோஃபுவும் பூண்டுச் சைவ்ப்பூ (garlic chive) விழுதும் சேர்ப்பார்கள், கிடைத்தால் சேருங்கள்.

சோங்சிங் சாஸ்: எள்ளெண்ணெயும் நசுக்கிய பூண்டும் உப்பும், அவ்வளவுதான். எண்ணெய்க் குழம்போடு எண்ணெயா என்று தோன்றும். கொதியிலிருந்து வரும் துண்டை அது சட்டென்று ஆற்றும், காரத்தையும் மட்டுப்படுத்தும். செக்கு நல்லெண்ணெய் இதற்கு ஆகாது. சீனர்களுடையது எள்ளை வறுத்து ஆட்டியது, மணமே வேறு.

தென்கிழக்காசிய சாஸ்: பச்சைமிளகாய், பூண்டு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, உப்பு. மீன், இறாலுக்கு இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

தைவான், ஜப்பான் மேசைகளில் சாஸில் பச்சை முட்டை மஞ்சள்கரு உடைத்துவிடுவது உண்டு. பச்சையாகத் தின்னவென்றே கையாளப்படும் முட்டை உள்ள ஊர் ஜப்பான். நம்மூர் முட்டையில் அந்த வேலை வேண்டாம்.

மேசையில்: வரிசை

1. எல்லோரும் உட்கார்ந்தபின் சூப்பை நன்றாகக் கொதிக்கவிடுங்கள். எதையும் போடுமுன் ஆளுக்கு அரைக் கிண்ணம் சூப் குடிக்கக் கொடுங்கள். குடிக்க நல்ல நேரம் இதுதான்.
2. நேரம் எடுப்பவை முதலில்: முள்ளங்கி, சோளம், ஷிடேக். இவை அடியில் கிடந்து சுவை ஏற்றிக்கொண்டிருக்கும்.
3. மறுபடி கொதி வந்ததும் இறைச்சி. ஆளுக்கு ஒரே ஒரு துண்டு. பிடித்த பிடியை விடாமல் முன்னும் பின்னும் அசையுங்கள். பெய்ஜிங்கில் முதலில் ஆட்டு வால்கொழுப்பை இரண்டு துண்டு போட்டுச் சூப்புக்குப் பசை ஏற்றுவார்கள்.
4. மேலே திரளும் நுரையைக் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஒருவர் இதற்கென்று பொறுப்பெடுத்தால் சூப் கடைசிவரை தெளிவாக இருக்கும்.
5. மீன், இறால், மீன் உருண்டை. மீன் துண்டை வலைக்கரண்டியில் வைத்தே முக்குங்கள், இல்லாவிட்டால் உடைந்து காணாமல் போகும்.
6. டோஃபு, உருளை, தாமரைத்தண்டு.
7. கீரை, சீனக்கோஸ், பாக் சாய். சிவப்புச் சூப்பில் கீரை போடாதீர்கள். காரஎண்ணெய் முழுவதையும் அது குடித்துவிடும், இருமித் தள்ளுவீர்கள்.
8. கடைசியில் நூடுல்ஸ் அல்லது பாசிப்பயறு சேமியா. முதலிலேயே போட்டால் மாவு கரைந்து சூப் கஞ்சியாகிவிடும்.

சூப் குறைந்தால் பக்கத்தில் சூடாக வைத்திருப்பதை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, உள்ளே கிடப்பதெல்லாம் அரைவேக்காடாகும். ஊற்றியபின் மறுபடி நன்றாகக் கொதிக்கும்வரை யாரும் எதையும் எடுக்கக் கூடாது.

எவ்வளவு நேரம்?

எல்லாக் கணக்கும் கொதிக்கும் சூப்பில்.

ஆடு, மாடு, மெல்லிய சீவல்: நிறம் முழுக்க மாறும்வரை, 20 முதல் 30 விநாடி. பன்றி: ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம், ரோஸ் நிறம் துளியும் இருக்கக் கூடாது. கோழிச் சீவல்: மூன்று நிமிடம், ஒன்றை நடுவில் பிய்த்துப் பாருங்கள். மீன் துண்டு, இறால்: இரண்டு மூன்று நிமிடம், இறாலின் கண்ணாடித்தன்மை போய் வெள்ளையும் சிவப்புமாகச் சுருள வேண்டும். உறைந்த மீன் உருண்டை: மிதந்தபின் இன்னும் இரண்டு நிமிடம். உருளை, தாமரைத்தண்டு: ஐந்து நிமிடம். சோளம்: பத்து. எனோகி காளான்: மூன்று நிமிடம் குறையாமல், அமெரிக்காவில் 2020இல் தெரியவந்த லிஸ்டீரியா தொற்று ஒன்று இந்தக் காளானால் பரவியது. கீரை: ஒரு நிமிடம்.

சோங்சிங்காரர்கள் மாட்டின் மூன்றாம் இரைப்பைத் தாளை ஏழு முறை மேலே, எட்டு முறை கீழே என்று எண்ணி முக்கியெடுப்பார்கள். மொத்தம் பதினைந்து விநாடி. அதற்குமேல் போனால் தோல்வார்தான். இதைப் படித்துவிட்டுக் கசாப்புக்கடைப் போட்டியை வாங்கி வந்து அப்படியே முக்காதீர்கள். ஆட்டுக்குடல் பதினைந்து விநாடியில் வேகாது. குக்கரில் முன்கூட்டியே வேகவைத்து, பொடியாக நறுக்கி, சூப்பில் சூடுபடுத்தி மட்டும் சாப்பிடலாம்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

பச்சை இறைச்சியைத் தொட்ட சாப்ஸ்டிக் வாய்க்குப் போகக் கூடாது. இதற்காகத்தான் ஆளுக்கு இரண்டு ஜோடி, இரண்டு நிறத்தில். கேலிக்கு இடமான சின்ன விஷயமாகத் தோன்றும். தாய்லாந்தில் வேகாத பன்றியிறைச்சி வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற கிருமி தொற்றி, மூளைக்காய்ச்சல் வந்து, பிழைத்தவர்களில் பலர் காது கேட்கும் திறனை நிரந்தரமாக இழந்திருக்கிறார்கள். அந்நாட்டுச் சுகாதாரத் துறை மக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த இரண்டு ஜோடிக் கணக்கைத்தான்.

நம் ஊர் வெக்கையில் பச்சை இறைச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. விருந்தோ இரண்டு மணி நேரம் ஓடும். பாதியை ஃபிரிட்ஜிலேயே வைத்து, தீரத் தீர எடுங்கள். அல்லது தட்டைப் பனிக்கட்டி மேல் வையுங்கள்.

எடுத்ததும் வாயில் போடாதீர்கள். தட்டில் அரை நிமிடம் ஆறட்டும். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. டோஃபு, மீன் உருண்டை இரண்டும் வெளியே ஆறியதுபோல் இருந்து உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். குழந்தைக்குப் பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

எள், கடலை, இறால், சோயா ஒவ்வாமை யாருக்காவது இருக்கிறதா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஒரே பானை என்பதால் ஒருவர் போட்ட இறால் எல்லோருக்கும் போய்ச் சேரும். 'நண்டுக்குச்சி' என்று விற்பது மீன் விழுதுதான் என்றாலும் அதில் முட்டையும் கோதுமையும் நண்டுச் சாறும் இருப்பது உண்டு. கவுட் உள்ளவர்கள் முதலில் குடித்த சூப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. இறைச்சி வெந்து வெந்து கடைசிச் சூப்பில் பியூரின் ஏறியிருக்கும்.

உணவகத்தில்

சைவர்கள் 'தெளிந்த சூப்' என்ற பெயரை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பெரும்பாலும் பன்றி எலும்போ கோழியோ இருக்கும். சிவப்பு என்றால் மாட்டுக் கொழுப்பா, தாவர எண்ணெயா என்று கேளுங்கள். ஹலால் தேவைப்படுபவர்கள் சான்றிதழைக் கேளுங்கள். தடுப்புப் பானையில் பக்கத்துச் சூப் தெறிக்கும். கண்டிப்பான சைவர்கள் தனிப்பானை தரும் கடைக்குப் போவதே நிம்மதி.

சோங்சிங் பாணியில் ஒன்பது கட்டம் போட்ட பானை வந்தால், நடுக்கட்டம்தான் கொதி அதிகம். சட்டென்று வேகும் சீவலுக்கு அது. நான்கு மூலைகளும் மந்தம். கிழங்கும் குடலும் அங்கே கிடக்கட்டும். அந்தக் காலத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே பானையைப் பகிர்ந்துகொள்ள, ஆளுக்கொரு கட்டம் என்று வந்த ஏற்பாடு.

பல கடைகளில் அரைத்தட்டு கிடைக்கும், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். பஃபே என்றால் 90 நிமிடக் கெடு, மிச்சம் வைத்தால் கூடுதல் கட்டணம் இரண்டையும் முதலிலேயே விசாரியுங்கள். பட்டுப்புடவையில் போகாதீர்கள். மசாலா வாசம் சலவைக்குப் போனாலொழிய இறங்காது.

சிவப்புச் சூப்பைக் குடிக்காதீர்கள். சோற்றில் ஊற்றிப் பிசையவும் கூடாது. நம் கை தானாக அங்கேதான் போகும், தெரியும். அது முழுக்க எண்ணெயும் உப்பும், சிச்சுவான்காரர்களே குடிப்பதில்லை.

மிச்சம்

மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்த பச்சை இறைச்சியை ஃபிரிட்ஜில் திருப்பி வைக்காதீர்கள். உடனே நன்றாக வேகவைத்துவிடுங்கள். வெயில் நாளாக இருந்தால் தூக்கிப்போடுங்கள். தெளிந்த சூப்பை வடிகட்டி, ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, அகலப் பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை கஞ்சிக்கு ஆகும். எல்லோரும் வாயில் வைத்த சாப்ஸ்டிக் விழுந்த பானை என்றால் அதுவும் வேண்டாம்.

சிவப்புச் சூப்பை ஒருபோதும் சிங்கில் ஊற்றாதீர்கள். ஆறியதும் கொழுப்பு மேலே ஏடாக உறையும். அதை வழித்துப் பழைய செய்தித்தாளில் பொதிந்து குப்பையில் போட்டுவிட்டு, மீதியை வடிகட்டிக் கொட்டுங்கள். வெறும் சமையல் எண்ணெயில் செய்திருந்தால் உறையாது. மேலாக எண்ணெயை மொண்டு ஒரு பழைய பாட்டிலில் அடைத்துப் போடுங்கள். அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்க ஆள் கூப்பிடும் செலவு விருந்துச் செலவை எட்டிவிடும்.